எம்ஏ, செட் படிப்பு ஒரு பக்கம், மூணாம் கிளாஸ் வாசிப்பு ஒரு பக்கம்: எப்படிச் சமாளிக்கறீங்க?

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கேரளால பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கால ஒரு தமிழ் மீடியம் எல்பி (லோயர் பிரைமரி) ஸ்கூல்ல மூணாம் கிளாஸ் டீச்சர். கேரளா பிஎஸ்சி (அரசுப் பணித் தேர்வாணையம்) லிஸ்ட்ல எல்பிஎஸ்டி, அதாவது எல்பி டீச்சர், தமிழ் மீடியம் வழியா வந்தவ, டிடிசி டீச்சர் பயிற்சி முடிச்சிருக்கேன், பிஏ தமிழ் இருக்குது, கே-டெட்ல (கேரள டீச்சர் தகுதித் தேர்வு) எல்பிக்கான காட்டகரி 1-ம் பாஸ். இப்ப எம்ஏ சேரலாமான்னு ரொம்ப நாளா மனசுக்குள்ள ஓடிட்டே இருக்குது. எம்ஏ முடிச்சு அப்புறம் பிஎட் பண்ணி, ஹையர் செகண்டரி டீச்சருக்கான செட் தகுதித் தேர்வு எழுதினா ஹையர் செகண்டரி வரைக்கும் போகலாம்னு வீட்லயும் சொல்றாங்க. கூடப் படிச்சவங்க ரெண்டு பேர் நெட் முடிச்சு காலேஜுக்கே போயிட்டாங்க, அதப் பாக்கறப்ப நாமளும் நின்ன எடத்துலயே நிக்கறமோன்னு தோணுதுங்க, பொறாமை இல்ல, நெஜமாவே படிக்கோணும்னு ஆசை.

ஆனா என்ற கிளாஸ் நெலமை வேற. இருவத்தொண்ணு பசங்க. பாதிப் பேரு வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே தென்னந்தோப்புக்கும் சூளைக்கும் போறவங்க. இதுல ஏழெட்டுப் பசங்க இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கறாங்க, கொம்பு, கால், சுழி எல்லாம் கலந்து போகுது, ரெண்டு பசங்க எழுத்தே சரியாத் தெரியாம மூணாம் கிளாஸுக்கு வந்திருக்காங்க. இந்த மார்ச்சுக்குள்ள எல்லாரும் புக்கத் தொறந்து ஒரு பக்கத்த தானா படிச்சு என்ன கதைன்னு சொல்லோணும், அதுதான் இந்த வருஷம் நான் வச்சிருக்கற ஆசை. அதுக்கு சாயந்தரம் ஒரு முக்கால் மணி நேரம் தனியா ஒக்காத்தி வைக்கோணும், வீட்டுக்குப் போயி அடுத்த நாளுக்கு கார்டு எழுதோணும்.

இதுக்கு நடுவுல கிளஸ்டர் (பக்கத்து ஸ்கூல் டீச்சர்கள் கூடற பயிற்சி), மே மாசப் பயிற்சி, எஸ்ஆர்ஜி (ஸ்கூல் டீச்சர்கள் கூட்டம்), சம்பூர்ணாங்கற ஸ்கூல் சாஃப்ட்வேர்ல டேட்டா ஏத்தறது, எல்எஸ்எஸ் (நாலாம் கிளாஸ் ஸ்காலர்ஷிப் பரீட்சை) பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பயிற்சி பெரும்பாலும் மலையாளத்துல, கேட்டா புரியும், ஆனா அத தமிழ்ப் பசங்களுக்குத் தக்கன மாத்தறது நம்ம தலைமேல. மலையாளத்துல எழுத்து அறிமுகம் பண்ற வரிசை தமிழுக்கு அப்படியே ஒத்து வர்றதில்லீங்க, அவங்க கூட்டெழுத்துக்கு ஒரு வழி சொன்னா நமக்கு அந்தப் பிரச்சனையே இல்ல, நமக்கு இருக்கற பிரச்சனை ர ற, ல ள ழ, ந ன ண, அதப்பத்தி அங்க யாரும் பேசறதில்ல.

ஆக என்ற கேள்வி இதுதான். வேலைல இருந்துட்டே படிச்சவங்க இருந்தா சொல்லுங்க. படிப்பையும் கிளாஸையும் ஒரே வருஷத்துல வச்சுக்க முடியுமா, இல்ல ஒண்ண விட்டுட்டுத்தான் இன்னொண்ணா? எனக்கு நாலு வயசுல ஒரு பையனும் இருக்கான்.

—

மூணாறு_லயத்து_வாத்தியார் எழுதியது:

டீச்சர், நான் மூணாறு பக்கம் எஸ்டேட்ல இருக்கற தமிழ் மீடியம் ஸ்கூல்ல இருந்துக்கிட்டே தபால்ல எம்ஏ தமிழ் முடிச்சவன். முடியும். ஆனா எப்படி முடிஞ்சுதுன்னா நான் படிக்கறத கிளாஸுக்குள்ள கொண்டு வந்ததாலதான், இல்லன்னா நடுவுலயே விட்டுருப்பேன்.

எங்க புள்ளைங்க எல்லாம் கொழுந்து பறிக்கப் போறவங்க வீட்டுப் புள்ளைங்க. திருநெல்வேலி, தேனி, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து மூணு நாலு தலமுறைக்கு முன்னால ஏறி வந்த குடும்பங்க. எனக்கு எம்ஏல நாட்டுப்புறவியல் ஒரு பேப்பர். அதுக்கு விடுகதை, தாலாட்டு, தொழில் பாட்டுன்னு சேகரிக்கணும்னு இருந்துச்சு. நான் ஒருத்தனா லயத்துக்கு லயம் (எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற வரிசை வீடு) அலையறதுக்குப் பதிலா, புள்ளைங்ககிட்ட உங்க பாட்டிகிட்ட ஒரு விடுகதை கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். மறுநாள் கிளாஸே அமளி. அடிக்க மாட்டா, திட்ட மாட்டா, ஆனா கண்ணுல தண்ணி வர வைப்பா அது யாருன்னு ஒரு பொண்ணு கேக்குறா, எல்லாரும் கத்துறாங்க வெங்காயம் வெங்காயம்னு. அத அப்படியே போர்டுல எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்கூட அதப் படிச்சுட்டான், ஏன்னா அவன் வாயில ஏற்கெனவே இருக்கற வரி அது.

அப்புறம் தெனம் ஒரு விடுகதை, ஒரு சின்ன அட்டையில. ரெண்டே வரிதான் இருக்கும், படிச்சு முடிச்சா விடை கண்டுபுடிக்கலாம், அதனால வாசிப்புக்கு விடுகதை மாதிரி ஒரு நல்ல சரக்கு நான் பாக்கல. பாடப்புத்தகத்துல ஒரு பத்தி குடுத்தா மூணாவது வரில கண்ணு அலைபாயும் புள்ள, விடுகதைய மட்டும் கடைசிச் சொல் வரைக்கும் விடாம படிக்கும்.

நேரம் எப்படின்னு கேட்டீங்கன்னா நான் காலைல படிச்சேன். இங்க குளிரு, சாயந்தரம் ஆனா ஒடம்பு ஒத்துழைக்காது, காலைல நாலரை மணிக்கு எந்திரிச்சா ஆறரை வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டாங்க. ஓணம் லீவும் கிறிஸ்துமஸ் லீவும் முழுசா அசைன்மென்ட்டுக்கு. வேற எதுக்கும் அத விட்டுக் குடுக்கல. ஆனா எனக்கு அப்ப கொழந்த இல்ல, வீட்டு வேலைல பெரும்பகுதி என் மனைவி பாத்துக்கிட்டா, அத மறைச்சுட்டு உங்ககிட்ட முடியும் முடியும்னு சொன்னா அது நியாயம் இல்ல. உங்க வீட்ல எம்ஏ படின்னு சொல்றவங்ககிட்ட அந்த ரெண்டு மணி நேரம் பையன யார் பாத்துக்குவாங்கன்னு நேராக் கேட்டுருங்க டீச்சர்.

—

வண்ணாமடை_யுபி எழுதியது:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. விடுகதை விஷயம் ரொம்ப நல்லா இருக்கு மாஷ், அதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. ஆனா படிப்ப கிளாஸுக்குள்ள கொண்டு வான்னு பொதுவா எல்லாருக்கும் சொல்றப்ப எனக்கு ஒரு பயம். எம்எட், பிஎட் பண்றவங்க நெறைய பேர் வந்து எங்க ஸ்கூல்ல டூல்னு ஆய்வுக் கேள்வித்தாள் குடுத்து டேட்டா எடுத்துட்டுப் போறாங்க. வாசிக்கத் தெரியாத புள்ளைக்கு ஒரு டெஸ்ட், ஒரு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட், நடுவுல அந்தப் புள்ளைக்கு என்ன கெடச்சுதுன்னு பாத்தா ஒண்ணும் இல்ல. சரியா வராத புள்ள ஒரு அட்டவணைல ஒரு நம்பரா போயிரும். நம்ம படிப்புக்குத் தேவையானதும் அந்தப் புள்ளைக்குத் தேவையானதும் ஒண்ணா இருந்தா சரி. ரெண்டும் முட்டிக்கிட்ட அன்னைக்கு நாம எந்தப் பக்கம் நிப்போம்னு மொதல்லயே முடிவு பண்ணி வச்சுக்கணும்.

இன்னொண்ணு டீச்சர். நீங்க எம்ஏ, பிஎட், செட் எல்லாம் முடிச்சு மேல போறீங்கன்னே வைங்க. சந்தோஷம்தான். ஆனா அந்த எல்பி கிளாஸுக்கு யார் வருவாங்க? தமிழ் மீடியத்துக்கு ஆள் கெடைக்கறதே கஷ்டம், போஸ்ட் காலியானா தினவேதனத்துல (தினச் சம்பளத்துக்கு) ஒருத்தர் வருவாங்க, அவங்க வேற பரீட்சைக்குப் படிச்சுட்டு இருப்பாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. நல்லா சொல்லிக் குடுக்கற டீச்சர் எல்லாம் மேல போகணும்னா எல்பில மிஞ்சறது யாரு? மேல போறதுதான் வளர்ச்சின்னு நம்மள நம்ப வச்சிருக்காங்க. மூணாம் கிளாஸ்ல வாசிக்க வைக்கறதுல ஒருத்தர் கை தேர்ந்தவங்க ஆகறது அதவிடப் பெரிய படிப்புன்னு நான் நெஜமாவே நம்பறேன்.

நெருக்கடி ரொம்ப ஆச்சுன்னா கேஎஸ்ஆர்ல (கேரள சர்வீஸ் விதிகள்) படிப்புக்குன்னு சம்பளம் இல்லாத லீவு இருக்கு, அனுபந்தம் 12 பி, அதப் பாருங்க. ஆனா வீட்டு லோன் இருக்கறவங்களுக்கு அது ஒத்து வராது.

—

தாலூக்கா_ரிட்டயர்ட்_எச்எம் எழுதியது:

கண்ணு, உன்ற கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஸ்கூல் தொறந்து ஆறாவது வேல நாள்ல எடுக்கற பசங்க கணக்கு இப்பத்தான் முடிஞ்சிருக்கும், டிவிஷன் நிக்குமா போகுமான்னு பதட்டம் தணிஞ்ச நேரம், இப்ப யோசிக்கறது நல்லதுதான்.

மொதல்ல படிப்பு வழியப்பத்தி. எம்ஏவும் செட்டும் ஹையர் செகண்டரிக்கு, அதுக்கு பிஎட்டும் சேத்து வேணும். செட்ட எல்பிஎஸ் சென்டர் நடத்துது, தமிழும் அதுல ஒரு பாடம். பிஎட்டு 2015-ல இருந்து ரெண்டு வருஷம். டிடிசி முடிச்சு வேலைல இருக்கறவங்களுக்கு ஐக்னோ (இந்திரா காந்தி ஓப்பன் யுனிவர்சிட்டி) பிஎட்டு இருக்குதுன்னு நெறைய பேர் சேர்றாங்க, அதுல பாடமுறை அறிவியல், சமூக அறிவியல், கணக்கு, இங்கிலீஷ், இந்தி இவ்வளவுதான், தமிழ் இல்ல. தமிழ் வாத்தியாரா மேல போகோணும்னு நெனைக்கறவங்க அத கவனிக்காம ரெண்டு வருஷம் செலவழிச்சு முடிச்சுட்டு அப்புறம் நின்னுட்டு யோசிப்பாங்க, பாவம். எம்ஏவும் அப்படித்தான், கோயம்புத்தூர் பக்கத்துல இருக்குதுன்னு தமிழ்நாட்டு யுனிவர்சிட்டில சேர்ந்தா, இங்க பிஎஸ்சி ஈக்குவலன்சி, அதாவது இங்கத்த படிப்புக்குச் சமம்னு சான்று, கேக்கும். சேர்றதுக்கு முன்னாடியே கேரளத்து யுனிவர்சிட்டி ஒண்ணுல அந்தக் கோர்ஸ அங்கீகரிச்சிருக்காங்களான்னு எழுத்துல வாங்கிக்க. தபால் கோர்ஸ பாக்கற யுஜிசி டெப் பிரிவோட அனுமதி அந்த வருஷத்துக்கு இருக்குதான்னும் பாரு, இப்ப தபால் கோர்ஸுக்கு டெப் ஐடி எடுத்துட்டுத்தான் சேர முடியும். எச்எம் வழியா ஏஇஓவுக்கு (உதவிக் கல்வி அதிகாரி) முன்கூட்டியே எழுதிக் குடுத்து ஒரு நகல் பத்திரமா வச்சுக்க, பின்னால சர்வீஸ் புக்ல ஏத்தறப்ப கேப்பாங்க.

கே-டெட் பாஸ்னு எழுதியிருக்கற, அது பெரிய நிம்மதி. இதப் படிக்கற மத்தவங்களுக்குச் சொல்றன், 2025 செப்டம்பர் 1-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புல, வேலைல இருக்கறவங்களும், ஓய்வுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா, ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணோணும்னு வந்துருச்சு. அஞ்சு வருஷத்துக்குள்ள ரிட்டயர் ஆகறவங்க தொடரலாம், ஆனா புரமோஷன் வேணும்னா டெட் வேணும். சீராய்வு மனு எல்லாம் போட்டாங்க, அதுல என்ன ஆகும்னு காத்துட்டு ஒக்காராம மொதல்ல அத முடிங்க, எம்ஏ எல்லாம் அப்புறம். எல்பிக்கு மொழி ஒண்ணுல தமிழ் எடுக்கலாம், 150 கேள்வி, தப்புக்கு மார்க் கொறைக்கறதில்ல, பொதுப் பிரிவுக்கு 90 வேணும்.

இனி கிளாஸ். வண்ணாமடை சொன்னது பாதி சரி, பாதி எனக்கு ஒப்புக்கல. மேல போனா எல்பி காலியாகும்ங்கறது நெஜம். ஆனா கண்ணு, நம்ம பசங்களுக்கு டீச்சர் ஹேண்ட்புக்க யார் எழுதறாங்க? தமிழ்ப் பாடப்புத்தகக் குழுன்னு திருவனந்தபுரத்துல எஸ்சிஇஆர்டி (பாடத்திட்டம் பாக்கற மாநில நிறுவனம்) கூப்பிடறப்ப போயி ஒக்காந்து, எங்க பசங்க இப்படிப் பேச மாட்டாங்க, இந்த எழுத்து வரிசை தமிழுக்கு ஒத்து வராதுன்னு சொல்றதுக்கு எல்லைல இருந்து எத்தன பேர் இருக்கறோம்? நீ கேள்வில எழுதினியே ர ற, ந ன ண பத்தி பயிற்சில யாரும் பேசறதில்லன்னு, அத பேசறதுக்கு பிஆர்சில (வட்டாரப் பயிற்சி மையம்) தமிழ் தெரிஞ்ச பயிற்சியாளர் வேணும், டயட்டுல (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) வேணும். அந்த எடத்துக்குப் போறதுக்கு படிப்பு வேணும். ஹையர் செகண்டரிக்குப் போறது ஒரு வழி, எல்பில இருந்துட்டே அந்த மேசைல ஒக்கார்றது இன்னொரு வழி. நான் சர்வீஸ்ல இருந்த காலம் பூரா இந்த ரெண்டாவது வழிக்கு ஆள் தேடிட்டே இருந்தன். ஒனக்கு அந்தக் கண்ணு இருக்குது, ஒன் கேள்விலயே தெரியுது.

அதுக்கு எம்ஏ தமிழவிட எம்ஏ எஜுகேஷன் ஒதவலாம், ஐக்னோல இருக்குது, இங்கிலீஷ்லயோ இந்திலயோ எழுதோணும், ரெண்டு வருஷக் கோர்ஸ நாலு வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம், சின்னக் கொழந்த இருக்கறவங்களுக்கு அந்த அவகாசம் முக்கியம்.

கிளாஸுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றன். ஓணப் பரீட்சை வரைக்கும் ஒரு லட்சியம்தான். அந்த ஏழெட்டுப் பசங்க வாசிப்பு. மத்ததெல்லாம் ஹேண்ட்புக் போற வேகத்துல போகட்டும், அலங்காரம், சார்ட், ஆல்பம் எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும். ஒரு நோட்டுப் போடு, ஒரு பையனுக்கு ஒரு பக்கம். வாரம் ஒரு தடவ ஒரு நிமிஷம் படிக்கச் சொல்லி, எத்தன சொல்லுன்னு மட்டும் பாக்காத, எந்த எழுத்துல நின்னான், எத மாத்திப் படிச்சான்னு எழுது. மூணு மாசத்துல அந்த நோட்டு ஒனக்கு எந்தப் பயிற்சியும் சொல்லித் தராதத சொல்லும்.

—

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சார், ஐக்னோ பிஎட்ல தமிழ் இல்லன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க, நான் அதத்தான் அடுத்து பண்ணலாம்னு வச்சிருந்தேன்.

வண்ணாமடை டீச்சர் கேட்ட கேள்விதான் என்னையும் தூங்க விடாம பண்ணுது. மேல போகோணும்னு ஆசை இருக்குது, இந்தப் பசங்கள விட்டுட்டுப் போகோணும்னு ஆசை இல்ல. எல்பில இருந்துட்டே ஹேண்ட்புக் எழுதற எடத்துக்குப் போகலாம்ங்கறத நான் ஒரு வழியா யோசிச்சதே இல்லீங்க.

அந்த ஒரு நிமிஷ வாசிப்பப் பத்தி ஒரு சந்தேகம். வாசிப்புக்கும் கணக்குக்கும் மத்திய அரசு கொண்டு வந்த நிபுண் பாரத் திட்டத்துல மூணாம் கிளாஸுக்கு நிமிஷத்துக்கு 60 சொல்லுன்னு வச்சிருக்காங்களே, அது தமிழுக்கும் அப்படியேவா? நம்ம சொல்லு நீளமாச்சே. "படிச்சுக்கிட்டிருந்தாங்க"ன்னா அது ஒரே சொல்லு, அத ஒரு பையன் படிக்கற நேரத்துல இங்கிலீஷ்ல நாலு சொல்லு போயிருக்கும். இத வச்சு ஒரு பையன பின்தங்கினவன்னு எழுதறப்ப மனசு கேக்க மாட்டேங்குது.

—

மூணாறு_லயத்து_வாத்தியார் எழுதியது:

டீச்சர், நீங்க கேட்டீங்களே இதுதான் உங்க ஆய்வு! வேற தலைப்பு தேட வேணாம். தமிழ்ல வேற்றுமை உருபு, காலம், ஆள் எல்லாம் ஒட்டிக்கிட்டே போகும், சொல் எண்ணிக்கையில அளந்தா நம்ம புள்ள எப்பவும் மெதுவா படிக்கிற மாதிரிதான் தெரியும். நான் எழுத்த எண்ணுவேன், சொல்ல எண்ண மாட்டேன். ஒரே கதைய ரெண்டு விதமா எழுதிக் குடுத்துப் பாருங்க, ஒண்ணுல நீளச் சொல்லு, இன்னொண்ணுல அதையே பிரிச்சு சின்னச் சொல்லா. எந்த எடத்துல நிக்கிறாங்கன்னு பாருங்க. எங்க புள்ளைங்க பெரும்பாலும் சொல்லோட தலையப் படிச்சுட்டு வால ஊகிச்சுருவாங்க, போனான்னு இருக்கறத போனாங்கன்னு படிப்பாங்க, அது அவசரம், எழுத்து தெரியாததால இல்ல. அந்தப் புள்ளைக்கு வைத்தியம் வேற, ணவும் னவும் கலக்கற புள்ளைக்கு வைத்தியம் வேற. ரெண்டு பேரையும் ஒரே மார்க் போட்டு ஒரே ஸ்பெஷல் கிளாஸ்ல ஒக்கார வச்சா ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்ல.

வண்ணாமடை டீச்சர் சொன்ன பயம் எனக்கும் சரின்னு படுது. அதனால நான் ஒரு வழக்கம் வச்சிருந்தேன், எம்ஏக்காக கிளாஸ்ல எது பண்ணாலும், எம்ஏ இல்லாட்டியும் இத இந்தப் புள்ளைங்களுக்குப் பண்ணுவேனான்னு கேட்டுப்பேன். இல்லன்னு பதில் வந்தா அத கிளாஸுக்கு வெளியில வச்சுருவேன்.

—

வண்ணாமடை_யுபி எழுதியது:

இந்தக் கேள்வி இருந்தா எனக்குப் போதும் மாஷ். எச்எம் சார் சொன்ன ரெண்டாவது வழிய நான் யோசிக்கல, அதுக்காகப் படிக்கறதுன்னா நான் முழுசா உங்க பக்கம் டீச்சர். எங்க ஸ்கூல்ல அஞ்சாம் கிளாஸுக்கு வர்ற புள்ளைங்கள நான் பாக்கறேன், வாசிப்பு மூணாம் கிளாஸ்ல நிக்காட்டி எங்ககிட்ட வந்து சமூக அறிவியல் புக்கத் தொறந்த உடனே முகம் வாடிப் போயிரும். கணக்குல கூட்டல் கழித்தல் நல்லா தெரிஞ்ச பையன், கேள்விய வாசிக்க முடியாததால கணக்கு வராதவன்னு பேர் வாங்கிருவான். அதனாலதான் மூணாம் கிளாஸ் டீச்சர் போயிரக் கூடாதுன்னு அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

—

நல்லேப்பிள்ளி_தென்றல் எழுதியது:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும், நான் டீச்சர் இல்ல, அம்மா. என் பொண்ணு தமிழ் மீடியத்துல நாலாவது. போன வருஷம் அவ கிளாஸ் டீச்சர் ஏதோ கோர்ஸ் படிச்சுட்டு இருந்தாங்க, அப்ப பசங்ககிட்டயே சொல்லுவாங்களாம், எனக்கும் நாளைக்குப் பரீட்சை, நானும் படிக்கணும்னு. அதக் கேட்டு என் பொண்ணு ராத்திரி தானா புக் எடுத்து ஒக்காந்துச்சு, டீச்சரே படிக்கறாங்க நான் படிக்க வேண்டாமான்னு. இத உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு. படிங்க டீச்சர்.

—

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

நேத்து ராத்திரி வீட்டுக்காரர்கிட்டப் பேசினேனுங்க, மூணாறு மாஷ் சொன்ன மாதிரி நேராவே கேட்டேன். காலைல அஞ்சுல இருந்து ஆறரை வரைக்கும் பையன் அவரு பொறுப்புன்னு ஒத்துக்கிட்டாரு.

முடிவு இப்படி வச்சிருக்கேன். ஓணம் வரைக்கும் எந்தக் கோர்ஸும் இல்ல, அந்தக் காலை நேரத்துல வாசிப்பு நோட்டும் விடுகதை அட்டையும்தான். கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள்ள அந்த ஏழெட்டுப் பேரும் எங்க நிக்கறாங்கன்னு தெரிஞ்சுரும், அதப் பாத்துட்டு ஜனவரி சேர்க்கைல எம்ஏ எஜுகேஷன், நாலு வருஷம்னு கணக்கு வச்சே சேரப் போறேன். செட்ட இப்போதைக்கு யோசிக்கல. எல்எஸ்எஸ் ஸ்பெஷல் கிளாஸ இந்த வருஷம் நாலாம் கிளாஸ் டீச்சரே பாத்துக்கட்டும்னு எஸ்ஆர்ஜில கேக்கப் போறேன், அதுதான் கஷ்டமான பேச்சு, ஆனா கேக்காம நேரம் வராது.

மூணாறு மாஷ், உங்ககிட்ட இருக்கற விடுகதை அட்டைய போட்டோ எடுத்து இங்க போட முடியுமுங்களா? எங்க பக்கத்து வழக்குல கொஞ்சம் மாத்தி எழுதிக்கறேன்.

—

மூணாறு_லயத்து_வாத்தியார் எழுதியது:

ஞாயித்துக்கிழமை போடறேன் டீச்சர். அப்படியே குடுத்துராதீங்க, மொதல்ல உங்க புள்ளைங்க வீட்ல இருந்து வரட்டும், பத்தலைன்னா எங்கத சேத்துக்கோங்க.

—

வண்ணாமடை_யுபி எழுதியது:

டீச்சர், எங்க ஸ்கூல்லயும் எல்பி இருக்கு, மூணாம் கிளாஸ் டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், அவங்களும் நோட்டுப் போடறேன்னாங்க. அந்த நீளச் சொல்லு, சின்னச் சொல்லு கதைய ரெண்டு ஸ்கூல்லயும் ஒரே வாரத்துல படிக்க வச்சுப் பாக்கலாம். அடுத்த கிளஸ்டருக்கு ரெண்டு பேரும் நோட்டக் கொண்டு வாங்க, சாப்பாட்டு நேரத்துல ஒக்காந்து பாப்போம், பயிற்சிக்கு வர்றவங்ககிட்டயும் காட்டுவோம்.